கேசட்டின் கடைசியில் மிஞ்சிய 49 நொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 22-ம் தேதி ஆங்கிலேய ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தபோது தங்கள் நாளிதழில் வந்த அஞ்சலிக் குறிப்பை வெட்டி வைத்திருக்கிறேன். கால் பக்கக் குறிப்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு வௌவாலுக்கே போயிருந்தது. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டெ மாயின் நகர மேடையில் ரசிகர் ஒருவர் எறிந்த வௌவாலை ஆஸி கடித்த கதையை உலகமே அறியும். அதை எழுதியது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைக்கு அதே மேடையில் நின்று கிதார் வாசித்த 25 வயது இளைஞரின் பெயர் அந்தக் குறிப்பில் எங்குமே இல்லை. ராண்டி ரோட்ஸ் என்பது அவர் பெயர். மார்ச் 19 அவருடைய நினைவு நாள். எட்டு மாதம் பொறுத்திருந்து இப்போது எழுதுவதற்கு அதுதான் காரணம்.

ஒரே ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸி இறப்பதற்கு 17 நாள் முன்பு, ஜூலை 5-ம் தேதி, சொந்த ஊரான பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகப் பாடினார். எழுந்து நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். தன் பழைய குழுவான பிளாக் சபாத்தோடு சேர்ந்து பாடியவை தனி. அதற்கு முன் தன் பெயரில் பாடியவை ஐந்து. அந்த ஐந்தில் நான்கு, 1980-ல் வந்த 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' என்ற ஒரே இசைத்தட்டில் உள்ளவை. அந்த நான்கிலும் கிதார் ராண்டியுடையது. ஒரு மனிதர் 45 ஆண்டு கழித்துத் தன் கடைசி மேடையில் எதைப் பாடத் தேர்ந்தெடுத்தார் என்று பார்த்தாலே, அஞ்சலியில் யார் பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். நான் ஹெவி மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையின் ரசிகன் இல்லை. எனக்குக் காருகுறிச்சியாரின் நாகஸ்வரம் போதும். 1983 முதல் 21 ஆண்டுகள் திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்; இரண்டு நாளில் கேசட் தயாராகும். உரிமத் தொகை என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டோம். அந்தப் பாவக் கணக்கையும் இந்தக் கடிதத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

1986-ல் துவாக்குடி பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் கக்கத்தில் இரண்டு இசைத்தட்டுகளை இடுக்கிக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மாமா அனுப்பியவை. மேலே இருந்ததன் அட்டையில் சிவப்பு அங்கி போட்ட ஒருவர் கையில் சிலுவையோடு தரையில் கிடந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதைச் சாமி படத்துக்கு எதிரே வைக்காதே" என்று தானே எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். மாணவர் தொண்ணூறு நிமிட டி.டி.கே. கேசட் ஒன்றையும் தந்தார். முதல் தட்டு 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது ஏறத்தாழ 43. பக்கத்துக்கு ஒன்று என்று அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. முதல் தட்டு, மேலே சொன்ன 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்'. இரண்டாவது, 1981-ல் வந்த 'டைரி ஆஃப் எ மேட்மேன்'. ஆஸியோடு ராண்டி ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவானவை இந்த இரண்டே தட்டுகள்தாம்.

பதிவு செய்பவன் பாட்டைக் கேட்பதில்லை, முள்ளைப் பார்ப்பான். ஒலி அளவைக் காட்டும் அந்த முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கேசட்டில் கரகரப்பு ஏறிவிடும். இந்த மாதிரி முரட்டு இசை வந்தால் முள் சிவப்பிலேயே படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். 'கிரேஸி ட்ரெயின்' தொடங்கியது. முள் ஏறியது, இறங்கியது, ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக. இரைச்சல் என்று நான் நினைத்திருந்ததற்குள் ஒருவர் மிகச் சுத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்வரம் அடுத்ததன் மேல் வழியவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்தேன். அன்று மற்றவர்களின் கேசட்டுகள் எதுவும் தயாராகவில்லை.

தனியாக வாசிக்கும் இடங்களில் கிதார் ஒன்றுபோலவும் கேட்டது, பலபோலவும் கேட்டது. ஓரங்களில் மெல்லிய நிழல். ஸ்டுடியோ எதிரொலி என்று நினைத்தேன். பல ஆண்டு கழித்து, பதிவுப் பொறியாளர் மாக்ஸ் நார்மன் சொன்னதைப் படித்தபோதுதான் விளங்கியது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ரிட்ஜ் ஃபார்ம் என்ற ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. தனிவாசிப்பு ஒன்றை முடித்தவுடன் ராண்டி அதையே இரண்டாம் முறை வாசிப்பார், பிறகு மூன்றாம் முறை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். அவ்வளவு வேகமான வாசிப்பை மூன்று முறையும் மயிரிழை பிசகாமல் வாசித்தால்தான் அது ஒரே கிதாராகக் கேட்கும். கணினியில் வெட்டி ஒட்டும் வசதி எதுவும் இல்லாத 1980-ல். இதன் அருமை பாட்டுக் கேட்பவருக்குத் தெரியாமல் போகலாம். நாடாவோடு 21 ஆண்டு மாரடித்தவனுக்குத் தெரியும்.

'மிஸ்டர் க்ரௌலி' பாட்டில் முதலில் டான் ஏரியின் கீபோர்டு, மாதா கோயில் ஆர்கன் போல மெதுவாக விரியும். கடைசியில் கிதார் தனியே கிளம்பிப் போகும். ஒவ்வொரு அடியும் முந்தையதன் தோளில் ஏறி நிற்கிற மாதிரி அமைத்திருப்பார். ஐரோப்பியச் செவ்வியல் இசையின் படிக்கட்டு அது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அது உச்சத்துக்குப் போகும்போது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாட்டை முடித்துவிடுவார்கள். எனக்கு இந்த வழக்கமே பிடிக்காது. கச்சேரி களை கட்டும் நேரத்தில் திரையை இறக்குவதுபோல. கடைசி ஐந்து நொடிக்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவேன், தேய்ந்த தட்டின் 'சர சர' மட்டும்தான் மிஞ்சும்.

அந்த அமளிக்கு நடுவே, முதல் பக்கத்தின் நான்காவது இடத்தில், சத்தமில்லாமல் ஒரு சிறு துண்டு இருக்கிறது. பாட்டு இல்லை, தாளவாத்தியம் இல்லை, மின்சாரக் கிதாரும் இல்லை. நைலான் தந்திக் கிதார் மட்டும். 49 நொடி. அது முடிந்ததும் மதுவைப் பற்றிய முரட்டுப் பாட்டு ஒன்று தடாலென்று வந்து விழும். துண்டின் பெயரை மாணவரிடம் கேட்டேன். "டீ" என்றார். பதிவேட்டில் 'டீ - கிதார்' என்று எழுதிக்கொண்டேன். கடைப் பையன் அதைப் படித்துவிட்டு டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.

இசைத்தட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த 49 நொடியை மட்டும் என் சொந்த மாஸ்டர் நாடாவில் ஏற்றிக்கொண்டேன். அதற்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். ஆறு பாட்டு போட்டால் மூன்று நிமிடம் போல மிஞ்சும். ஏழாவது பாட்டு கொள்ளாது. பாதியில் அறுத்துவிட்டால் வாடிக்கையாளர் கடைக்கே வந்து சண்டை பிடிப்பார். சும்மா விட்டால் 'நாடா வீணாகிவிட்டதே' என்பார். சில கடைக்காரர்கள் அந்த இடத்தில் தங்கள் கடை விளம்பரத்தைப் பேசிப் பதிவார்கள். நான் 'டீ'யைப் போட்டேன். முருகன் பாட்டு, கல்யாணப் பாட்டு, இளையராஜா, எம்.எஸ்.வி. என்று எதன் முடிவிலும் அது பொருந்தியது. எத்தனை கேசட்டில் போட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. யார் வாசித்தது என்று ஒரு கேசட்டிலும் எழுதவில்லை. தங்கள் குறிப்பில் பெயர் விட்டுப்போனதைச் சொல்ல வந்தவன், நான் விட்ட பெயரையும் சொல்ல வேண்டுமல்லவா?

டீ என்பது டெலோரெஸ் என்ற பெயரின் சுருக்கம், அது ராண்டியின் அம்மா என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியில் 'மியூசோனியா' என்ற இசைப் பள்ளியை நடத்தியவர் அவர். கணவர் பிரிந்து போனபோது மூன்று பிள்ளைகளில் கடைசியான ராண்டிக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. பள்ளி வருமானத்தில்தான் மூவரையும் வளர்த்தார். ராண்டி ஏழு வயது வாக்கில் தாத்தாவின் பழைய கிதாரை எடுத்தார். அம்மாவின் பள்ளியிலேயே கற்றார். ஒரு கட்டத்தில் ஆசிரியர் அந்த அம்மாவிடம் போய், இந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் மேற்கொண்டு சரக்கில்லை என்று கைவிரித்துவிட்டாராம். அதன்பிறகு அதே பள்ளியில் ராண்டி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். இரவில் 'குவயட் ரயட்' என்ற குழுவோடு வாசிப்பு. அந்தக் குழுவோடு அவர் செய்த இரண்டு இசைத்தட்டுகளும் ஜப்பானில் மட்டுமே வெளிவந்தன. சொந்த ஊர்க் கடையில் அவர் தட்டு கிடையாது. ஆகவே, 1979-ல் ஆஸி அவரைத் தேர்ந்தெடுத்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒரு பாட்டு வாத்தியார் என்றுதான் நான் எண்ணிக்கொள்வேன். பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை நூறு முறை வாசித்துக் காட்டிய கைக்குத்தான் ஒரே தனிவாசிப்பை மூன்று முறை அச்சாக வாசிக்க வரும்.

புகழ் வந்த பிறகும் மாணவராகவே இருந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சுற்றுப்பயணத்தில் ஒவ்வோர் ஊரிலும் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அந்த ஊரில் செவ்வியல் கிதார் கற்றுத் தருபவர் யாரென்று தேடிப் பிடித்து, காசு கொடுத்துப் பாடம் கேட்பாராம். முந்தின இரவு ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டிய மனிதர், காலையில் யாரோ ஒரு வாத்தியாரின் வீட்டுக் கூடத்தில் கால் பலகையில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். ராக் இசையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து செவ்வியல் கிதாரில் பட்டம் வாங்க வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது நடக்கவில்லை. 1982 மார்ச் 18 இரவு டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் கச்சேரி. மறுநாள் காலை ஆர்லாண்டோ போகும் வழியில் ஃப்ளோரிடாவின் லீஸ்பர்க்கில் பஸ் நின்றது. பஸ் ஓட்டுநருக்கு விமானம் ஓட்டவும் தெரியும். அங்கே நின்ற சிறு விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ராண்டியையும் குழுவின் ஒப்பனைப் பெண்மணியையும் ஏற்றிக்கொண்டு, வேடிக்கைக்காகப் பஸ்ஸை ஒட்டித் தாழப் பறந்தார். இறக்கை பஸ்ஸில் மோதியது. மூவரும் மாண்டார்கள். ஓட்டுநரின் உடலில் கோகெய்ன் இருந்தது பிறகு தெரியவந்தது. ராண்டிக்கு விமானம் என்றாலே பயம் என்கிறார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

இனி இன்னொரு விஷயம். 2004-ல் மஸ்கட்டில் வேலை பார்த்த என் மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது, மாமாவுக்குப் பிடித்தது என்று மகள் சொல்லி, 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' குறுந்தகடு வாங்கி வந்தார். புது மறுபதிப்பு. பளிச்சென்ற ஒலி. 'கிரேஸி ட்ரெயின்' ஓடி அரை நிமிடத்தில் எனக்கு உடம்பு என்னவோ செய்தது. தாளம் சரியாகத்தான் இருந்தது, ஆள் வேறு. தவில்காரர் மாறியிருந்தால் கண்ணை மூடிக் கேட்டாலும் தெரியாதா? அது மாதிரி. மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஒரே பாட்டுத்தானே மாமா, உங்களுக்குக் காது மந்தமாகியிருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். அன்று இரவு பழைய கேசட் பிரதியைத் தேடியெடுத்து, ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். டிரம்ஸும் வேறு, பேஸ் கிதாரும் வேறு.

காது மந்தமாகவில்லை. 2002-ல் வந்த அந்த மறுபதிப்பில், முதலில் வாசித்த பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிதாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்து ஏற்றியிருந்தார்கள். ராயல்டி தொகை கேட்டு அந்த இருவரும் ஆஸி தரப்போடு வழக்காடியதன் பின்விளைவு அது. டெய்ஸ்லி பேஸ் வாசித்ததோடு நிற்கவில்லை, அந்த இசைத்தட்டின் வரிகளில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. இதற்கும் முன்னால் 1981-ல், இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தபோதே, வாசித்த இவர்கள் இருவரின் பெயரை அட்டையில் போடாமல் பிறகு குழுவில் சேர்ந்த இருவரின் பெயரைப் போட்டிருந்தார்கள். முதலில் பெயர் போனது, பிறகு ஒலியும் போனது.

ராண்டியின் கிதாரைத் தொடவில்லையே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. ஒரே கூடத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு உருவாக்கிய இசை. கெர்ஸ்லேக்கின் அடி ஒரு நூல் பின்வாங்கும் இடத்தில்தான் ராண்டி முன்னால் பாய்கிறார். அந்த அடியை எடுத்துவிட்டால், இறந்துபோனவர் யாருக்கு மறுமொழியாக வாசித்தாரோ அந்தக் கேள்வியையே அழித்ததாகிவிடும். ரசிகர்கள் விடாமல் முறையிட்டு, 2011-ல் வந்த பதிப்பில் பழைய வாசிப்பையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். கெர்ஸ்லேக் 2020-ல் புற்றுநோயால் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு, அவர் ஆசைப்பட்டுக் கேட்டபடி இரண்டு இசைத்தட்டுகளுக்குமான பிளாட்டினப் பட்டயங்களை ஆஸி அனுப்பிவைத்தார். அந்த மட்டில் நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மேல்நாட்டு இசையைப் பற்றி எழுதும்போது பாடகரை மட்டும் எழுதி நிறுத்தாமல், உடன் வாசித்தவர்களின் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கலாம். நம் நாகஸ்வரக் கச்சேரி விளம்பரத்தில் தவில்காரர் பெயரும் இருக்கும். அந்தப் பழக்கம் போதும்.

'டீ'க்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. ராண்டி இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1987-ல், அவர் நினைவாக ஆஸி 'ட்ரிப்யூட்' என்ற மேடைப் பதிவை வெளியிட்டார். அதன் கடைசித் துண்டாக, ஸ்டுடியோவில் ராண்டி 'டீ'யை வாசித்துப் பார்த்த ஒத்திகை நாடாவைச் சேர்த்திருக்கிறார்கள். நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும். ராண்டி வாசிக்கிறார், தவறுகிறது, நிறுத்துகிறார், பொறியாளரிடம் ஏதோ பேசுகிறார், மறுபடி தொடங்குகிறார். தந்தியின் மேல் விரல் இழுபடும் ஒலிகூடக் கேட்கிறது. என் கடையில் இப்படிப்பட்ட நாடாவைச் சுருட்டிக் குப்பையில் போட்டிருப்பேன். ஒவ்வொரு மார்ச் 19-ம் தேதியும் முழுத் தட்டையும் கேட்டுவிட்டுக் கடைசியில் இதைக் கேட்பேன்.

இப்போது நான் வீட்டிலிருந்தபடியே பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண்மணி, காலஞ்சென்ற தன் அப்பாவின் கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தார். மேலே இருந்தது டி.எம்.எஸ். பாடிய முருகன் பாடல்கள். அட்டையில் 1988-ம் ஆண்டுத் தேதியோடு என் கையெழுத்து. எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது பாட்டு முடிந்து அந்த நைலான் தந்தி ஒலிக்கத் தொடங்கியதும், அவர் தன்னையறியாமல் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர்கள் வீட்டில் அதற்குத் 'திருப்புகிற பாட்டு' என்று பெயராம். அது வந்தால் பிள்ளைகளில் யாராவது ஓடிப்போய்க் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

"இது எந்தப் படத்தில் வரும் இசை ஐயா?" என்று கேட்டார்.

படம் இல்லை என்று சொல்லி, அட்டையைத் திருப்பி ஏழாவது வரிசையில் எழுதிக் கொடுத்தேன்: டீ, கிதார் - ராண்டி ரோட்ஸ், 49 நொடி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி - 2